முதலில் யார், பின்னால் யார்: ஏழாவது ஆட்டத்துக்கு பிட்சரைத் தேர்ந்தெடுப்பது

1965 அக்டோபர் 13. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், வால்டர் ஆல்ஸ்டனுக்கு அன்று வந்த தலைவலி எல்லோருக்கும் வாய்க்காது. மின்னசோட்டா ட்வின்ஸ் அணியோடு ஆடிய வேர்ல்ட் சீரிஸ், அதாவது ஏழில் நான்கை ஜெயிப்பவருக்குக் கோப்பை என்கிற இறுதித் தொடர், 3-3 என்று நிற்கிறது. மறுநாளே ஏழாவது ஆட்டம், அதுவும் ட்வின்ஸின் சொந்த மைதானத்தில். முதல் பந்தை வீசப்போகும் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், யார்?

ஒரு பக்கம் சாண்டி கூஃபாக்ஸ். இடதுகைக்காரர். அந்த சீசனில் அவர் கணக்கில் 26 வெற்றி, 8 தோல்வி, 382 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது). இன்னொரு பக்கம் டான் டிரைஸ்டேல். வலதுகைக்காரர். 23 வெற்றி, 12 தோல்வி. இப்படி இரண்டு பேரை ஒரே அணியில் வைத்துக்கொண்டு யாராவது புலம்பினால் சிரிப்புதான் வரும். ஆனால் சிக்கல் தேதியில் இருந்தது. கூஃபாக்ஸ் கடைசியாக வீசியது 11ஆம் தேதி. நடுவே இரண்டே நாள் ஓய்வு. டிரைஸ்டேல் 10ஆம் தேதி வீசியவர்; மூன்று நாள் ஓய்வு. நான்கு பேரைச் சுற்றில் வைத்து ஆடிய அந்தக் காலத்தில் மூன்று நாள் என்பது முழு ஓய்வு. முறைப்படி பார்த்தால் அது டிரைஸ்டேலின் நாள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஓய்வுக் கணக்கு கொஞ்சம் விநோதமாகத் தோன்றலாம். டெஸ்ட் மேட்சில் வேகப்பந்து வீச்சாளர் காலையில் ஆறு ஓவர், மத்தியானம் ஏழு ஓவர், மறுநாள் மறுபடியும் என்று போட்டுக்கொண்டே இருப்பார். பேஸ்பாலில் தொடக்க பிட்சர் ஒரே நாளில் நூறு பந்தை ஒட்டி வீசுவார். ஓடிவந்து வீசுகிற வசதி கிடையாது. நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டு, மீதி முழுக்கத் தோளும் முழங்கையும்தான். அதனால்தான் இன்று ஐந்து பேர் சுற்று, நான்கைந்து நாள் ஓய்வு என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது. கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தைவிட்டு வெளியே எடுத்த ஆள் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே இரண்டு பெரிய பிட்சர்கள் இருந்தால், யார் நல்லவர் என்று கேட்பதைவிட யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்பதே சரி.

டிரைஸ்டேலை முன்னால் விட்டால் என்ன? ஓய்வு முழுசு. நான்காவது ஆட்டத்தை 7-2 என்று தனியாளாக முடித்துக் கொடுத்தவர். ட்வின்ஸின் பெரிய மட்டைகளான ஹார்மன் கில்லபிரூ, பாப் அலிசன், ஏர்ல் பேட்டி, அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கவிருந்த ஸோய்லோ வெர்சாயஸ் எல்லோரும் வலதுகை பேட்டர்கள். வலதுகை பேட்டருக்கு வலதுகை பிட்சர் என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. போதாததற்கு டிரைஸ்டேல் பேட்டும் பிடிப்பார். அந்த சீசனில் மட்டும் 7 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்கிற டிஎச் விதியெல்லாம் அப்போது இல்லை, எனவே அதுவும் ஒரு லாபம்.

அவருக்கு எதிரான கணக்கு ஒன்றுதான்: முதல் ஆட்டம். அக்டோபர் 6 யோம் கிப்பூர், யூதர்களின் மிகப் புனிதமான நாள். யூதரான கூஃபாக்ஸ் அன்று வீச மாட்டேன் என்று ஒதுங்க, டிரைஸ்டேல் அதே மின்னசோட்டா மைதானத்தில் இறங்கி மூன்றாவது இன்னிங்ஸ் (அணிக்கு மூன்று அவுட் வீதம் ஒன்பது இன்னிங்ஸ் ஓடும் ஆட்டம் இது) முடிவதற்குள் ஏழு ரன் கொடுத்துவிட்டார். வெளியே எடுக்க வந்த ஆல்ஸ்டனிடம், நானும் யூதனாக இருந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறதா என அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்த ஒரு நாள்தான் மொத்த வரிசையையும் மாற்றிப்போட்டது. கூஃபாக்ஸ் முதல் ஆட்டத்தில் வீசியிருந்தால் 6, 10, 14 என்று கணக்கு நேராக வந்திருக்கும். ஏழாவது ஆட்டம் இயல்பாகவே அவர் முறையாகியிருக்கும்.

கூஃபாக்ஸை முன்னால் விட்டால்? இரண்டு நாளுக்கு முன்புதான் இதே பேட்டர்களுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 7-0 என்று முடித்திருந்தார். ஆனால் அந்த முழங்கை! 1965 வசந்தகாலப் பயிற்சியின்போதே அதில் மூட்டுவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் மிளகாயின் காரச்சத்து சேர்த்த களிம்பைப் பூசித் தேய்ப்பார்கள். நம் வீட்டு வலித்தைலமெல்லாம் அதன் முன்னால் நிற்காது. ஆட்டம் முடிந்ததும் அதே கை ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். அப்படி ஒரு கையோடு 335 இன்னிங்ஸுக்கு மேல் வீசி முடித்தவரை, இரண்டு நாள் ஓய்வில் மறுபடி இறக்குவதா?

மூன்றாவது ஆள் என்று பேச்சுக்குக்கூட யாரும் இல்லை. கிளாட் ஆஸ்டீன் ஆறாவது ஆட்டத்தில் வீசித் தோற்றது அன்றுதான். எதிரணி ட்வின்ஸுக்கும் இதே நெருக்கடி. அவர்களுடைய ஜிம் காட்டும் இரண்டு நாள் ஓய்வில்தான் இறங்கப்போகிறார்.

காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் டிரைஸ்டேல் பக்கம்தான் கனம் அதிகம். ஆனால் ஆல்ஸ்டன் கூஃபாக்ஸைத்தான் தேர்ந்தெடுத்தார், அது சரியான முடிவு என்பதே என் கட்சி. அவர் ஜெயித்தார் என்பதற்காகச் சொல்லவில்லை. டிரைஸ்டேலின் தோள் சீக்கிரம் சூடேறும். புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்கள் காத்திருந்து தயாராகும் இடத்தில், உட்கார்ந்திருந்து, கூப்பிட்ட சில நிமிடத்தில் வந்து வீசிவிடுவார். கூஃபாக்ஸுக்கு, அதிலும் அந்த முழங்கைக்கு, நிதானமாக நேரமெடுத்துத் தயாராக வேண்டும். நான்காவது இன்னிங்ஸில் வீடு தீப்பிடித்துக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து அணைக்கிற வேலை அவருக்கு ஒத்துவராது. அதாவது டிரைஸ்டேலை முன்னால் போட்டால் பின்னால் நிற்க ஆள் இல்லை. கூஃபாக்ஸை முன்னால் போட்டால் பின்னால் டிரைஸ்டேல் இருக்கிறார். அதற்கும் பின்னால் ரான் பெரனோஸ்கி, அவர் இடதுகை. இடது, வலது, இடது என்று மாறி மாறி வந்தால் ட்வின்ஸ் மேனேஜர் எந்த வரிசையை இறக்கினாலும் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

ஆட்டம் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் இன்னிங்ஸிலேயே ஆல்ஸ்டனின் கணக்கு பொய்க்கப் பார்த்தது. கூஃபாக்ஸின் கர்வ் பால், அதாவது வளைந்து இறங்கும் பந்து, வேலை செய்யவில்லை. இரண்டு அவுட்டுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு பேரை நடக்கவிட்டார் (தப்பான பந்து நான்கு போட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்). புல்பென்னில் டிரைஸ்டேல் எழுந்து பந்து போட ஆரம்பித்துவிட்டார். கேட்சர் ஜான் ரோஸ்பரோ கர்வ் கேட்டு விரல் காட்டக் காட்ட, கூஃபாக்ஸ் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இருவரும் பேசி, கர்வை மறந்துவிட்டு ஃபாஸ்ட்பாலை மட்டும் வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். என்ன வரப்போகிறது என்று பேட்டருக்கும் தெரியும், மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

நான்காவது இன்னிங்ஸில் லூ ஜான்சன் அடித்த பந்து இடப்பக்க ஃபவுல் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆனது. ரான் ஃபேர்லி டபுள் அடித்து இரண்டாம் பேஸ் வரை போக, வெஸ் பார்க்கர் சிங்கிள் அடித்து அவரை உள்ளே கொண்டுவந்தார். 2-0. ஐந்தாவதில் ட்வின்ஸின் இரண்டு பேர் பேஸில் நிற்க, வெர்சாயஸ் மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி விர்ரென்று ஒரு தரைப்பந்து அடித்தார். தாண்டியிருந்தால் அந்த இடத்திலேயே ஆட்டம் சமமாகியிருக்கலாம். ஜிம் கில்லியம் குறுக்கே பாய்ந்து கையை மறுபக்கம் நீட்டிப் பிடித்து, பேஸை மிதித்து, ஓடிவந்தவரை அவுட் ஆக்கினார். அந்த சீசனின் தொடக்கத்தில் கோச்சாகிவிட்ட கில்லியமை, ஆள் பற்றாமல் திரும்ப ஆடச் சொல்லியிருந்தார்கள் என்பது தனிக்கதை. ஒன்பதாவதில் கில்லபிரூ ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்து பேட்டி ஸ்ட்ரைக் அவுட், அலிசன் ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முழுக்க கூஃபாக்ஸ் கொடுத்தது மூன்று ஹிட், பத்து ஸ்ட்ரைக் அவுட், ரன் இல்லை.

சரி, இது அறுபது வருஷத்துப் பழைய கதை, இன்று யாரும் ஒன்பது இன்னிங்ஸ் வீசுவதில்லையே என்று கேட்கலாம். இன்று இன்னொரு வழியும் இருக்கிறது: பெரிய பிட்சர் யாரையும் நம்பாமல், ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டு ஆட்டத்தை ஓட்டுவது. 2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி, கடைசி இன்னிங்ஸ்களில் வீசிப் பழகிய செர்ஜியோ ரோமோவை ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கியது. வழக்கமாக நீளமாக வீசும் ரையன் யார்பரோ இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து வந்தார். பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள், எனக்கும் முதலில் ஏதோ ஏமாற்று வேலைபோலத்தான் பட்டது. ஆனால் உள்ளே இருக்கிற கணக்கு சுத்தமானது. ஒன்பது இன்னிங்ஸில் எதிரணியின் தலைசிறந்த மூன்று பேட்டர்கள் கட்டாயம் வரிசையாக வருவார்கள் என்று தெரிந்த இன்னிங்ஸ் முதலாவது மட்டும்தான். அதை ரோமோவிடம் கொடுத்துவிட்டால், யார்பரோ அந்த மூவரையும் மூன்றாம் முறை சந்திக்கிற நிலை தள்ளிப்போகும். ஒரே பிட்சரை ஒரே நாளில் மூன்றாம் தடவை பார்க்கிற பேட்டர் அவரைப் படித்து முடித்திருப்பார். ரோமோ அன்று ஸாக் கோஸார்ட், மைக் டிரவுட், ஜஸ்டின் அப்டன் மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு இறங்கினார்.

இதை ரேஸ்தான் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1924 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் மேனேஜர் பக்கி ஹாரிஸ், கர்லி ஆக்டன் என்ற வலதுகைக்காரரைக் கண்துடைப்பாக முதலில் நிறுத்தி, இரண்டே பேட்டருக்குப் பிறகு இடதுகை ஜார்ஜ் மோக்ரிட்ஜைக் கொண்டுவந்தார். இடதுகை பிட்சர் வந்தால் உட்காரவைக்கப்படும், நியூயார்க் ஜயண்ட்ஸின் இடதுகை பேட்டர் பில் டெர்ரியை ஆட்டத்தைவிட்டு வெளியேற்றத்தான் இந்த நாடகம். அதற்கும் பின்னால், ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து பன்னிரண்டாவதில் ஜெயித்துக் கொடுத்தவர் 36 வயது வால்டர் ஜான்சன். அங்கேயும் கடைசியில் காப்பாற்றியது பின்னால் காத்திருந்த ஆள்தான்.

பங்குபோடுகிற இந்த வழியில் எனக்குப் பயம் ஒன்று உண்டு. ஐந்து பேரை வரிசையாக இறக்கினால் ஐந்து பேருமே அன்றைக்கு நல்ல கையோடு வந்திருக்க வேண்டும். ஒருவர் சறுக்கினால் போதும். அதே ரேஸ் அணி 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் பட்டதை மறக்க முடியாது. பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார். இரண்டு ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், அணி 1-0 முன்னிலை. டாட்ஜர்ஸின் தலைப்பேட்டர்கள் மூன்றாம் முறை வரப்போகிறார்கள் என்றதும் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்ற மூக்கி பெட்ஸுக்கே நிம்மதி. வந்தவர் நிக் ஆண்டர்சன். பெட்ஸ் உடனே டபுள் அடித்தார், அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் முன்னிலை கைமாறியது, 3-1 என்று சீரிஸே போயிற்று. மூன்றாம் முறை என்கிற கணக்கு தப்பில்லை. ஆனால் ஆண்டர்சன் அதற்கு முன் கடைசியாக வீசிய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். முன்னால் நிற்பவரின் களைப்பைக் கணக்குப் பார்த்தவர்கள் பின்னால் வருபவரின் களைப்பைப் பார்க்கவில்லை.

ஆல்ஸ்டன் வழிக்கு நல்ல வாரிசு என்று 2001 வேர்ல்ட் சீரிஸில் ஆடிய அரிசோனாவைச் சொல்வேன். மேனேஜர் பாப் பிரென்லியிடம் கர்ட் ஷில்லிங், ராண்டி ஜான்சன் என்று இரண்டு யானைகள். ஷில்லிங் மூன்று நாள் ஓய்வில் நான்காவது ஆட்டம், மறுபடி மூன்று நாள் ஓய்வில் ஏழாவது. ஜான்சன் ஆறாவது ஆட்டத்தில் 104 பந்து வீசி 15-2 என்று ஜெயித்துவிட்டு, மறுநாளே புல்பென்னில் போய் உட்கார்ந்தார். நான்கு இன்னிங்ஸிலேயே 15-0 ஆகிவிட்ட ஆட்டத்தில் அவரை ஏழாவது இன்னிங்ஸ் வரை ஏன் வீசவிட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எப்படியோ, ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஷில்லிங் ஒரு ஹோம் ரன் கொடுத்துச் சோர்ந்தபோது, சற்று நேரத்தில் ஜான்சன் வந்தார். நான்கு பேட்டர், நான்கு அவுட். ஒன்பதாவதில் லூயிஸ் கொன்சாலஸின் அடியில் அரிசோனா 3-2 என்று ஜெயித்தது.

அப்புறம் 2025. டொராண்டோவில் நவம்பர் 1 இரவு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. ஏழாவது ஆட்டத்துக்கு டாட்ஜர்ஸ் யாரை நிறுத்தும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டைலர் கிளாஸ்னோ இருந்தார், முந்தின நாள் மூன்றே பந்து வீசி ஆட்டத்தை முடித்தவர். பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்கிற ஷோஹெய் ஓட்டானி இருந்தார், மூன்று நாள் ஓய்வோடு. மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் ஓட்டானியை நிறுத்தினார். கை பலத்தை மட்டும் எடைபோட்டால் இது விவாதத்துக்குரிய முடிவுதான். ஆனால் விதி ஒன்று இருக்கிறது. ஓட்டானி பிட்சராகத் தொடங்கினால், பந்துவீச்சை முடித்துக்கொண்ட பிறகும் டிஎச் ஆகத் தொடர்ந்து பேட் பிடிக்கலாம். நடுவில் வந்து வீசினால் அந்தச் சலுகை கிடையாது. வீசி முடித்ததும் அவுட்ஃபீல்டில் போய் நிற்க வேண்டும், இல்லையேல் ஆட்டத்தைவிட்டே போக வேண்டும், டிஎச் இடமும் காலி. கிளாஸ்னோவுக்கு அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. யார் பின்னால் வர முடியாதவரோ அவர் முன்னால் போகட்டும்: 1965இல் முழங்கை சொன்னதை 2025இல் விதிப்புத்தகம் சொன்னது.

ஓட்டானி சோபிக்கவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் போ பிஷெட் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, அதோடு அவர் பந்துவீச்சு முடிந்தது. ஆனால் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. கிளாஸ்னோ வந்தார், 2020இல் ரேஸுக்கு வீசிய அதே ஸ்னெல் வந்தார், கடைசியில், முந்தின நாள் 96 பந்து வீசிய யோஷினோபு யமமோட்டோ ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து பதினொன்றாவது வரை நின்றார். 5-4. முதலில் நிறுத்திய ஆள் தோற்றும் ஆட்டத்தை ஜெயித்ததால்தான் இந்த முடிவை நான் அதிகம் மதிக்கிறேன்.

பின்னால் ஆள் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட கதையும் உண்டு. 2019 வேர்ல்ட் சீரிஸில் ஹியூஸ்டன் மேனேஜர் ஏ. ஜே. ஹிஞ்ச், ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 80 பந்தோடு ஸாக் கிரெங்கியை எடுத்துவிட்டு வில் ஹாரிஸைக் கொண்டுவந்தார். ஹாவி கெண்ட்ரிக் அடித்த பந்து வலப்பக்கக் கம்பத்தில் பட்டது, வாஷிங்டன் முன்னிலை. அந்த வருஷத்தின் மிகப்பெரிய கைகளில் ஒருவரான கெரிட் கோல் புல்பென்னில் தோளைச் சூடேற்றிக்கொண்டு இருந்தார். முன்னிலையைக் காக்க மட்டும் அவரை வைத்திருந்தார்கள். முன்னிலை போய்விட்டது, அவர் உள்ளே வரவே இல்லை.

இதெல்லாம் மறுநாள் ஆட்டம் இல்லாத அக்டோபருக்கு. 162 ஆட்டம் ஓடுகிற சீசனில், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் யாராவது மேனேஜர் தன் பெரிய பிட்சரை இரண்டு நாள் ஓய்வில் இறக்கினால் அவரை வேலையைவிட்டு அனுப்பச் சொல்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அங்கே நான்காவது, ஐந்தாவது ஆளை முழு ஓய்வோடு நிறுத்திவிட்டு, தோற்றால் தோற்கட்டும் என்று விடுவதே மேல். தினசரி ஆட்டப் பட்டியலில் இரண்டு தொடக்க பிட்சர்களின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். பலர் அதோடு ஒப்பீட்டை முடித்துக்கொள்கிறார்கள். நான் கூடவே முந்தின இரண்டு நாள் அந்த அணிகளின் புல்பென்னில் யார் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்பதையும் பார்ப்பேன். முந்தின நாள் பதிமூன்று இன்னிங்ஸ் இழுத்தடித்த அணிக்கு, இன்று சுமாரான பிட்சர்கூட ஏழு இன்னிங்ஸ் நின்றாக வேண்டும். எதிரணியின் புல்பென் இரண்டு நாள் சும்மா இருந்திருந்தால், அவர்களுடைய ஐந்தாவது ஆள் ஐந்து இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தால் போதும்.

கூஃபாக்ஸ் அடுத்த வருஷமும் 323 இன்னிங்ஸ் வீசினார். 27 வெற்றி. அந்த நவம்பரில் ஓய்வை அறிவித்தபோது வயது 30. டிரைஸ்டேல் 1969 வரை ஆடினார். 1965இன் ஏழாவது ஆட்டத்து ஸ்கோர் அட்டையை எடுத்துப் பார்த்தால் டாட்ஜர்ஸ் பிட்சர் வரிசையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். புல்பென்னில் எழுந்து தோளைச் சூடேற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தவரின் பெயர் அதில் இல்லை.